நீரில் குறையும் எடை: உடல் மறுவாழ்வில் நீர்ப்பயிற்சியின் வரலாறு

கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவருடைய உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே தாங்குகின்றன. நீர் நெஞ்சுக்குழி வரை இருந்தால் மூன்றில் ஒரு பங்கும், இடுப்பெலும்பின் முன்முனை வரை இருந்தால் ஏறக்குறைய பாதியும் கால்களில் இறங்கும். ஹாரிசன், புல்ஸ்ட்ரோட் ஆகிய ஆய்வாளர்கள் 1987-இல் பிரிட்டனில் வெளியிட்ட அளவீடுகள் இவை. அசையாமல் நிற்கும்போதுதான் இக்கணக்கு பொருந்தும். நடந்தால் சுமை கூடும், வேகமாக நடந்தால் இன்னும் கூடும். எலும்பு முறிந்தவர், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர், பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர் ஆகியோரை நீரில் இறக்கி நடக்க வைக்கும் சிகிச்சை முறை பெரும்பாலும் இந்த எளிய கணக்கின்மீதே நிற்கிறது.

மிதப்பு விசையின் விதியை ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். நோயுற்ற உடலைத் தண்ணீரில் இறக்கும் வழக்கமோ அதற்கும் முந்தையது. ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலம் முழுவதும் தண்ணீர் ஒரு மருந்தாகவே கருதப்பட்டது. அதன் சூடு, குளிர்ச்சி, அதில் கரைந்த உப்புகள் ஆகியவற்றில்தான் குணப்படுத்தும் ஆற்றல் தேடப்பட்டது. அந்த நீருக்குள் உடல் என்ன செய்கிறது என்ற கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது.

மருந்தாகக் கருதப்பட்ட நீர்

பழங்கால மருத்துவ நூல்களில் ஒரு விதிவிலக்கு உண்டு. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் நுமிடியாவைச் சேர்ந்த கேலியஸ் ஆரேலியானஸ், எபேசு நகரத்துச் சொரானஸின் கிரேக்க நூல்களை அடியொற்றி இலத்தீனில் எழுதினார். நாட்பட்ட வாத நோயாளிகள் கடலிலோ வெந்நீர் ஊற்றிலோ நீந்தவேண்டும் என்றும், தொடக்கத்தில் செயலிழந்த உறுப்பில் காற்றடைத்த பையைக் கட்டிக்கொள்ளலாம் என்றும் அவர் பரிந்துரைத்தார். செயலிழந்த காலைத் தூக்கும் வேலையை மிதவையிடம் விட்டுவிட்டு, எஞ்சியிருக்கும் தசைக்கு அசைவை மட்டும் விட்டுவைக்கும் முறை இது. இந்த யோசனையைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல எந்த மருத்துவ மரபும் முன்வரவில்லை. ரோமானியக் குளியலகங்கள் சிதைந்த பிறகு ஐரோப்பாவில் நீர்ச்சிகிச்சை ஊற்றுகளைச் சுற்றியே சுருங்கியது.

அவ்வூற்றுகளில் இங்கிலாந்தின் பாத் நகரம் தனித்துக் கவனிக்கத் தக்கது. ஏழை நோயாளிகளுக்கென 1742-இல் அங்கே திறக்கப்பட்ட மருத்துவமனைக்கு ஈயநஞ்சால் கைகால் விழுந்தவர்கள் பெருமளவில் வந்தனர். வண்ணம் பூசுவோர், குழாய் வேலை செய்வோர், ஈயம் கலந்த கலன்களில் வைத்த ஆப்பிள் மதுவைக் குடித்தோர் ஆகியோரே இவர்களுள் மிகுதி. மணிக்கட்டு துவண்டு தொங்கும் நிலையில் வந்த பலர் வாரக்கணக்கில் வெந்நீரில் கழுத்தளவு அமர்ந்து, நடந்து, தேறிச் சென்றதை அம்மருத்துவமனையின் பதிவேடுகள் காட்டுகின்றன. ஊற்றுநீரின் கனிமங்களே காரணம் என அக்கால மருத்துவர்கள் நம்பினர். அவர்கள் கண்ட பலன் உண்மை. சொன்ன காரணம் தவறு. சரியான விளக்கம் கிடைக்க 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் அலை குளிர்ந்த நீரின் பக்கம் திரும்பியது. ஆஸ்திரிய சைலீசியாவின் கிரேஃபென்பெர்க் மலைக்கிராமத்தில் வின்சென்ஸ் பிரீஸ்நிட்ஸ் என்னும் உழவர் ஈரத்துணிச் சுற்றல், குளிர்நீர் ஊற்றல் ஆகியவற்றைக் கொண்டு பெரும் சிகிச்சை நிலையம் நடத்தினார். பவேரியாவில் செபஸ்டியன் க்னைப் என்ற பாதிரியார் 1886-இல் வெளியிட்ட நீர்ச்சிகிச்சை நூல் பல மொழிகளுக்குச் சென்றது. வியன்னாவில் வில்ஹெல்ம் வின்டர்னிட்ஸ் இதற்குப் பல்கலைக்கழக மதிப்பை ஈட்டித் தந்தார். பிரீஸ்நிட்ஸ் தம் நோயாளிகளை விறகு பிளக்கவும் மலையேறவும் வைத்தார் என்பது உண்மையே. ஆனால் அந்த உழைப்பு நீருக்கு வெளியே நடந்தது. தொட்டிக்குள் இறங்கியதும் நோயாளி வெறுமனே நீரை ஏற்றுக்கொள்பவராக மாறிவிட்டார். அந்த நூற்றாண்டு நீர்ச்சிகிச்சையின் பொற்காலம் எனப் பல வரலாறுகளில் போற்றப்பட்டாலும், நீர்ப்பயிற்சியின் நோக்கில் அது பெரிதும் தேங்கிக் கிடந்த காலமே.

தேக்கத்தை உடைத்தது பெர்லின் நகரின் மருத்துவக்கூடம். எர்ன்ஸ்ட் ஃபொன் லைடனும் ஆல்ஃபிரட் கோல்ட்ஷைடரும் 1898-இல் இயக்கச் சிகிச்சைக் குளியல் பற்றி எழுதினர். தரையில் கையையோ காலையோ உயர்த்த முடியாத நரம்பு நோயாளி தண்ணீருக்குள் அதை உயர்த்த முடிவதை அவர்கள் கவனித்தனர். அந்த அசைவையே திட்டமிட்ட பயிற்சியாக்கலாம் என்றனர். சூடு தசையைத் தளர்த்துகிறது, மிதப்பு உறுப்பைத் தாங்குகிறது, நோயாளி தானே அசைக்கிறார் என்ற மூன்றும் ஒரே சிகிச்சைக்குள் வந்தது இங்கேதான். இருப்பினும் இம்முறை பெருமளவில் பரவ வேறொரு நோய் தேவைப்பட்டது.

இளம்பிள்ளை வாதத்தின் காலம்

1916 கோடையில் நியூயார்க் நகரில் மட்டும் சுமார் 9,000 பேரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. 2,400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்கா முழுவதும் பாதிப்பு 27,000-ஐத் தொட்டது. உயிர் பிழைத்த குழந்தைகளின் கைகால்களை மரச்சட்டங்களிலும் மாவுக்கட்டிலும் மாதக்கணக்கில் அசையாமல் வைப்பது அப்போதைய வழக்கம். பாஸ்டன் எலும்பியல் மருத்துவர் ராபர்ட் லோவெட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும் தசைகளின் வலிமையைக் கையால் சோதித்துத் தரம் பிரிக்கும் முறையை இக்காலத்தில் உருவாக்கினர். புவியீர்ப்பை எதிர்த்து உறுப்பை உயர்த்தும் தசை ஒரு தரம். எடை தாங்கப்பட்டிருந்தால் மட்டும் உறுப்பை நகர்த்தும் தசை அதற்குக் கீழான தரம். துடிப்பு மட்டுமே தெரியும் தசை இன்னும் கீழ்.

நீர்ப்பயிற்சியின் வரலாற்றில் இந்தத் தரப்பிரிவுக்குரிய இடம் பலராலும் கவனிக்கப்படுவதில்லை. எடை தாங்கப்பட்டால் மட்டும் இயங்கும் தசைக்குத் தரையில் பயிற்சி கொடுப்பது கடினம். மேசையில் காலைக் கிடத்தினால் உராய்வு தடுக்கிறது. மருத்துவர் கையால் தாங்கினால் அசைவு யாருடையது என்பதே குழம்பிவிடுகிறது. நீரோ அந்த எடையை எல்லாத் திசையிலும் ஒரே சீராகத் தாங்குகிறது. தசை சற்றுத் தேறியதும் அசைவை மிதப்பின் போக்கிலிருந்து மிதப்புக்கு எதிராகத் திருப்பினால் அதே நீர் சுமையாகிவிடும். ஒரே தொட்டியில் உதவியும் எதிர்ப்பும் கிடைக்கின்றன.

இந்த வாய்ப்பை முறைப்படுத்தியவர் லாஸ் ஏஞ்சலிஸ் எலும்பியல் மருத்துவர் சார்லஸ் லெராய் லோமன். சிகாகோவில் உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஸ்பால்டிங் பள்ளியில் மரத்தொட்டி ஒன்றில் வாதநோயாளிகள் பயிற்சி செய்வதை 1924-இல் அவர் பார்த்தார். ஊர் திரும்பியதும் தம் மருத்துவமனையின் அல்லிக்குளத்தையே இரண்டு சிகிச்சைக் குளங்களாக மாற்றினார். ஒவ்வொரு தசைக்கும் ஏற்ற நிலை, ஆழம், அசைவு எனப் பிரித்து அவர் எழுதிய நீரடிப் பயிற்சி நூல் 1937-இல் வெளிவந்தது. தசையைச் சோர்வடைய விடக்கூடாது என்பதில் லோமன் கண்டிப்பானவர். நீரில் களைப்பு தெரியாது, அதனாலேயே மிகையாகப் பயிற்சி செய்துவிடும் அபாயம் உண்டு என்பது அக்கால மருத்துவர்களின் நடைமுறை அனுபவம்.

அதே 1924-இல், அக்டோபர் மாதம், ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் நலிந்த சுற்றுலா விடுதிக்கு, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் வந்தார். 1921 ஆகஸ்டில், 39-ஆம் வயதில், அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. நோயைச் சரியாகக் கண்டறிந்தவர் மேற்சொன்ன லோவெட். அந்த ஊற்றில் நீந்திய இளைஞர் ஒருவர் கைத்தடியுடன் நடக்கிறார் என்ற செய்தியை விடுதியின் உரிமையாளரும் வங்கியாளருமான ஜார்ஜ் ஃபாஸ்டர் பீபடி அவருக்குத் தெரிவித்திருந்தார். ஊற்றுநீரின் வெப்பம் சுமார் 31 டிகிரி செல்சியஸ். குளிரவும் இல்லை, மயக்கவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் சோர்வின்றி நீரில் இருக்க முடிந்தது. தரையில் நிற்கவே முடியாத ரூஸ்வெல்ட் ஆழமான நீரில் நின்றார், நடந்தார். அட்லாண்டா நாளிதழ் ஒன்று இதைப் பெரிதாக வெளியிட்டதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வாதநோயாளிகள் அழைப்பின்றியே ரயிலேறி வந்துவிட்டனர். அவர்களுக்கு முதலில் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ரூஸ்வெல்ட்தான்.

1926-இல் அவர் தம் சொத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு அந்த இடத்தை வாங்கினார். மருத்துவ உலகின் ஏற்பைப் பெறும் முயற்சியும் உடனே தொடங்கியது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் எலும்பியல் மருத்துவர் லெராய் ஹப்பர்ட், இயன்முறைச் சிகிச்சையாளர் ஹெலினா மஹோனியுடன் வந்து 23 நோயாளிகளை அவ்வாண்டின் பிற்பகுதி முழுவதும் கண்காணித்தார். அனைவரிடமும் முன்னேற்றம் தெரிந்ததாக அவர் அறிக்கை அளித்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. நோய்க்குப் பின் இயல்பாகவே ஏற்படும் தேறுதலையும் பிரித்தறிய வழியில்லை. இன்றைய அளவுகோலில் அது சான்றாகாது. ஆனால் அமெரிக்க எலும்பியல் மருத்துவர்கள் செவிசாய்க்க அது போதுமானதாக இருந்தது. 1927-இல் வார்ம் ஸ்பிரிங்ஸ் அறக்கட்டளை பிறந்தது. கார் உற்பத்தியாளர் எட்சல் ஃபோர்டு அளித்த 25,000 டாலரில் கண்ணாடி வேய்ந்த உள்குளம் எழுந்தது. நீருக்குள் அமிழ்த்திய மேசையில் நோயாளியைக் கிடத்தி, சிகிச்சையாளர் அருகில் நின்று ஒவ்வொரு தசையாக இயக்குவது அங்கே நிலைபெற்ற முறை.

ரூஸ்வெல்ட்டின் கால்கள் மீளவே இல்லை. நீர் இறந்துபோன நரம்பணுவை உயிர்ப்பிக்காது; எஞ்சியதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும். வார்ம் ஸ்பிரிங்ஸ் அளித்த பலனின் எல்லை அதுவே. உடலுக்கு வெளியேயும் ஒரு பலன் இருந்தது. சக்கர நாற்காலியில் ஒளிந்து வாழப் பழக்கப்பட்டவர்கள் அங்கே ஒருவரோடொருவர் பழகினர், விளையாடினர், திருமணமும் செய்துகொண்டனர். இந்தச் சமூகம் வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். கறுப்பின நோயாளிகளுக்கென அலபாமாவின் டஸ்கீகியில் தனி மையம் திறக்கப்பட்டது 1941-இல்தான்.

1945 ஏப்ரல் 12-ஆம் நாள் ரூஸ்வெல்ட் வார்ம் ஸ்பிரிங்ஸிலேயே இறந்தார். சரியாகப் பத்தாண்டு கழித்து, 1955-இல் அதே தேதியில், இளம்பிள்ளை வாதத்துக்கான சால்க் தடுப்பூசி பயனளிப்பதாக அறிவிக்கப்பட்டது. நோய் ஒழியத் தொடங்கியதும், அந்நோய்க்கென வெட்டப்பட்ட குளங்களும் வெறிச்சோடின.

லண்டனும் பாட் ராகாஸும்

ஐரோப்பாவில் நீர்ப்பயிற்சி வேறு இரு பாதைகளில் வளர்ந்தது. வட லண்டனின் ஹாலிவிக் பள்ளியில் உடல் ஊனமுற்ற சிறுமிகளுக்கு 1949-50 வாக்கில் நீச்சல் கற்பித்த ஜேம்ஸ் மெக்மில்லன் மருத்துவர் அல்லர். பாய்ம இயக்கவியல் அறிந்த பொறியாளர். மிதவைகளை அவர் முற்றாக விலக்கினார். ஒரு பக்கம் தசை இறுகிய, அல்லது ஒரு கால் சிறுத்த உடல் நீரில் நேராக மிதப்பதில்லை. புவியீர்ப்பு மையமும் மிதப்பு மையமும் ஒரே கோட்டில் அமையாததால் அது சுழல்கிறது. அந்தச் சுழற்சியைத் தலை, கை, மூச்சு ஆகியவற்றால் கட்டுப்படுத்தக் கற்பதே மெக்மில்லன் வகுத்த பத்துப் படிகளின் உட்கரு. நீரோடு மனம் இசைவதில் தொடங்கி, குறுக்கு அச்சிலும் நெடுக்கு அச்சிலும் உருளப் பழகி, அசையாமல் சமநிலை காத்து, கடைசியில் எளிய நீச்சலில் அது முடிகிறது. முகம் நீரில் அமிழ்ந்தாலும் உருண்டு மூச்சுக்கு மேலே வரத் தெரிந்த குழந்தைக்கு நீரைக் கண்டு அச்சமில்லை. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு இம்முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 1952-இல் இதற்கெனச் சங்கமும் அமைந்தது.

சுவிட்சர்லாந்தின் பாட் ராகாஸ் வெந்நீர் ஊற்றில் உருவான முறை இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றது. ஜெர்மானிய மருத்துவர் க்னுஃபரின் பயிற்சிகளை நெலே இப்சென் 1957-இல் அங்கே கொண்டுவந்தார். கழுத்து, இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றில் மிதவை வளையங்கள் மாட்டி நோயாளியை மல்லாக்க மிதக்க விடுவர். சிகிச்சையாளர் ஒரு கையையோ காலையோ பற்றி நிற்பார். நோயாளி அந்தப் பிடியை நோக்கியோ அதிலிருந்து விலகியோ தம் உடலையே நகர்த்துவார். உடல் நகரும் வேகமே எதிர்ப்பின் அளவை நிர்ணயிக்கிறது. அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் தொடங்கிய நரம்பு-தசைத் தூண்டல் முறையின் மூலைவிட்ட அசைவுகளை 1960-களில் பிரிட்ஜெட் டேவிஸ் இதில் இணைத்தார். மிதவையைப் பற்றி இரு முறைகளும் எதிரெதிர்க் கருத்துக் கொண்டிருந்தபோதும் மெக்மில்லனே 1970-களில் பாட் ராகாஸில் பணியாற்றினார் என்பது சுவையான செய்தி.

இரு முறைகளுமே சார்ந்திருந்த இயற்பியல் ஒன்றுதான். நீரின் தடை வேகத்தின் இருமடியோடு ஏறுகிறது. இரு மடங்கு வேகத்தில் அசைத்தால் நான்கு மடங்கு எதிர்ப்பு. வலி எடுத்து நோயாளி நிறுத்தினால் எதிர்ப்பும் அக்கணமே மறையும். இரும்பு எடையைத் தூக்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை.

அழுத்தம் சொன்ன விடை

நீரின் இன்னொரு பண்பான அழுத்தத்தை மருத்துவம் புரிந்துகொள்ள விண்வெளிப் பயணம் காரணமாயிற்று. எடையற்ற நிலையில் இதயமும் சிறுநீரகமும் எப்படி இயங்கும் என்பதைப் பூமியிலேயே அறிய, மனிதரைக் கழுத்தளவு நீரில் மணிக்கணக்கில் அமர்த்திச் சோதித்தனர். 1.2 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சுமார் 88 மில்லிமீட்டர் பாதரசம். கால் சிரைகளில் தேங்கும் இரத்தத்தையும் திசுநீரையும் மேலே தள்ள இது தாராளம். ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தம் நெஞ்சுக்கு நகர்கிறது என்றும், இதயம் வெளியேற்றும் இரத்தம் மூன்றில் ஒரு பங்களவு கூடுகிறது என்றும் அர்போரேலியஸ் என்பவரின் ஆய்வுக் குழு 1972-இல் காட்டியது. நெஞ்சு நிறைந்ததை உடல் நீர் மிகுந்ததாக எடுத்துக்கொள்கிறது, சிறுநீர் பெருகுகிறது.

பாத் நகரத்துப் புதிர் இங்கே அவிழ்ந்தது. 1980-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களை நீரில் அமர்த்தி அளந்தபோது சிறுநீரோடு ஈயமும் கூடுதலாக வெளியேறியதைக் கண்டனர். கனிமம் எதுவும் தேவையில்லை. குழாய்த் தண்ணீரும் இதைச் செய்யும். கணுக்கால் வீக்கம் நீர்ப்பயிற்சியில் வடிவதற்கும் இந்த அழுத்தமே காரணம். மறுபுறம், நெஞ்சுக்கூட்டை நீர் நெருக்குவதால் மூச்சிழுக்கக் கூடுதல் உழைப்பு வேண்டும். நுரையீரல் கொள்ளளவு மிகக் குறைந்தவர்களைக் கழுத்தளவு நீரில் இறக்காததற்குக் காரணம் அது. இதயம் நலிந்தவர்களும் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தனர். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஓசா சிடரின் ஆய்வுக் குழு 2003-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு, நிலைப்பட்ட இதயச் செயலிழப்பு உடைய முதியவர்கள் வெந்நீர்ப் பயிற்சியைத் தாங்குகின்றனர், உடல்திறனும் கூடுகிறது என்று காட்டிய பிறகே அத்தடை தளர்ந்தது.

ஒப்பீட்டு ஆய்வுகளின் தீர்ப்பு

அனுபவத்தால் வளர்ந்த முறைகள் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளைச் சந்தித்தபோது கிடைத்த விடைகள் அடக்கமானவை. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் குறித்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு (2016) 13 ஆய்வுகளில் 1,190 பேரைச் சேர்த்துப் பார்த்தது. 100 புள்ளி அளவையில் வலி சராசரியாக 5 புள்ளி குறைந்தது. பயிற்சிக்காலம் முடிந்த உடனே அளந்த பலன் இது. நார்த்தசை வலி நோய்க்கு 2014-இல் வந்த தொகுப்பாய்வில் 16 ஆய்வுகள், 881 பேர். வலியும் விறைப்பும் குறைந்தன. ஆனால் தரைப்பயிற்சியோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு இல்லை. பக்கவாதம் பற்றி 2011-இல் இருந்தவை 4 சிறு ஆய்வுகள், 94 பேர் மட்டுமே. முடிவுகூற அது போதாது என்று தொகுப்பாளர்கள் ஒதுங்கிக்கொண்டனர்.

இந்த எண்களை வைத்து நீர்ப்பயிற்சி சிறு பயனே உடையது என்று சொல்வது அவசரமாகும். சராசரிக்குள் இருவகை நோயாளிகள் கலந்திருக்கின்றனர். தரையிலும் பயிற்சி செய்ய முடிந்தவருக்கு நீர் கூடுதலாக எதையும் தருவதில்லை. வலியாலும் உடற்பருமனாலும் விழுந்துவிடும் அச்சத்தாலும் தரையில் பத்து அடி எடுத்துவைக்கத் தயங்குபவருக்கு, பயிற்சி செய்யக் கிடைக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். ஆய்வுகள் பெரும்பாலும் முதல் வகையினரையே சேர்த்துக்கொள்கின்றன.

நாட்பட்ட கீழ்முதுகு வலிக்குச் சீனாவில் 113 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, மூன்று மாத நீர்ப்பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் நீடித்ததாகக் கண்டது. ஒப்பீட்டுக் குழுவுக்கு அளிக்கப்பட்டவை மின்தூண்டலும் அகச்சிவப்பு வெப்பமும். அவர்கள் படுத்திருந்தனர், இவர்கள் இயங்கினர். எனவே அந்த வெற்றியில் நீரின் பங்கு எவ்வளவு, அசைவின் பங்கு எவ்வளவு என்பது பிரிபடவில்லை. மூட்டு மாற்று அறுவைக்குப் பின் எப்போது நீரில் இறங்கலாம் என்பதை ஜெர்மனியில் 465 பேரிடம் சோதித்த ஆய்வு (2012) இன்னும் நுணுக்கமானது. நீர் புகாக் கட்டுப்போட்டு 6-ஆம் நாளில் தொடங்கியது முழங்கால் மாற்றியவர்களுக்குச் சற்று மேலான பலனைத் தந்தது. இடுப்பு மாற்றியவர்களுக்கோ காயம் ஆறும்வரை 14 நாள் காத்திருந்ததே மேலாகத் தெரிந்தது. வேறுபாடுகள் சிறியவைதாம் என்றாலும், எல்லா மூட்டுக்கும் ஒரே கால அட்டவணை பொருந்தாது என்பதை அவை உணர்த்தின.

நீரால் இயலாதவையும் தெளிவாகியுள்ளன. எடை குறைவதால் எலும்பின் அடர்த்தியைப் பேண அது தரைநடைக்கு ஈடாகாது. படியிறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கும் வேலையை மிதப்பு பறித்துவிடுகிறது. அதை உலர்ந்த படியில்தான் பழகவேண்டும். வெப்பமும் ஆளுக்கு ஆள் மாறும். மூட்டு வலிக்காரருக்கு 33 முதல் 35 டிகிரி வரை இதமாக இருக்கும். தண்டுவட மரப்பு நோயாளிக்கு அதே சூடு நரம்புக் கடத்தலைத் தளர்த்திக் காலை மேலும் துவளச் செய்யும் என்பதால் குளிர்ந்த குளம் வேண்டும். திறந்த புண், கட்டுக்குள் வராத வலிப்பு, கழிவைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவை உள்ளவர்களை நீரில் இறக்குவதில்லை. வெதுவெதுப்பான நீரில் கிருமி விரைந்து பெருகுவதால் குளோரின் அளவை நாள்தோறும் பலமுறை பார்க்கவேண்டியிருக்கிறது.

மருத்துவமனைகள் குளங்களைக் கைவிடுவதற்குச் சான்றுக் குறைவைவிட இந்தப் பராமரிப்புச் செலவே பெரிய காரணம். ஆண்டு முழுவதும் நீரைச் சூடாக வைக்கவேண்டும், அறைக்காற்றின் ஈரத்தை வெளியேற்ற வேண்டும், தூக்கி இறக்கும் பொறியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். பல நாடுகளில் நோயாளிகள் பொது நீச்சல் குளங்களின் குழுப் பயிற்சிகளுக்கு அனுப்பப்படுகின்றனர். நீச்சல் வீரர்களுக்கென 26 முதல் 28 டிகிரியில் வைக்கப்பட்ட அந்நீரில் வலிகொண்ட மூட்டு இறுகுகிறது. பலர் பாதியில் நின்றுவிடுகின்றனர். பிரிட்டனில் 2020-இன் கொரோனாப் பரவலின்போது மூடப்பட்ட மருத்துவமனைக் குளங்களில் சில மீண்டும் திறக்கப்படவில்லை. முதுகெலும்பு இறுகும் வாதநோய் உள்ளோர் மாலை வேளைகளில் கூடிப் பயிற்சி செய்துவந்த குழுக்களே இதனால் மிகுதியும் பாதிக்கப்பட்டன. அக்குளங்களை மீட்கக்கோரி அந்நோயாளிகளின் சங்கம் இயக்கம் நடத்தத் தொடங்கியது.